வாடியது வேறு, பட்டது வேறு

கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று ஓர் இலையின் பருவங்களுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் வைத்த மொழி நம் மொழி. மரஞ்செடிகள் நலிவுறும் நிலைகளையும் அது அவ்வாறே பகுத்துப் பெயரிட்டுள்ளது. நண்பகல் வெயிலில் இலை தொங்குவது வாடல். வாட்டம் மிகுந்து இலை துவள்வது வதங்கல். ஈரம் அற்றுப்போவது உலர்தல். வெப்பத்தால் இலையோரமும் நுனியும் கறுப்பது கருகல். உயிர் முற்றும் நீங்குவது படுதல். அந்நிலை எய்திய மரத்தைத்தான் நம் முன்னோர் ‘பட்ட மரம்’ என்றனர். இவற்றுள் முதல் நான்கும் மீளத்தக்கவை. இறுதியது ஒன்றே மீளாதது. பெயரிட்டவர்கள் உற்று நோக்கிப் பெயரிட்டிருக்கிறார்கள்.

பெயர்களைப் பெற்ற நாமோ உற்று நோக்கும் பழக்கத்தை இழந்துவிட்டோம். கல்வி நிலையங்களிலும், பள்ளிவாசல் வளாகங்களிலும், வீட்டு வாயில்களிலும் அழகுக்கென்று நட்ட இளமரங்கள் கோடையில் காய்ந்து நிற்கும்போது, அவை மேற்கூறிய நிலைகளுள் எதில் உள்ளன என்று பாராமலே ‘பட்டுப்போயிற்று’ என்று தீர்ப்பளித்துப் பிடுங்கி எறிகிறோம். அடுத்த விழாவில் அதே குழியில் வேறொரு கன்றை நடுகிறோம். அடுத்த கோடையில் அதுவும் காய்கிறது. இவ்வழக்கம் தவறு என்பதும், புதிய கன்றை நடுவதற்கு முன்னர் வாடிய கன்றை மீட்பதே நம் முதற்கடமை என்பதும் இக்கட்டுரையாளரின் துணிபு.

ஆயக்குடியில் கற்ற பாடம்

பழனிக்குக் கிழக்கே, திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், பழனி மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில் அமைந்த ஊர் ஆயக்குடி. கொய்யாவால் பெயர் பெற்ற ஊர் அது. அவ்வழியே பேருந்தில் சென்றவர்கள் சாலையோரத்தில் கூடை கூடையாகக் கொய்யா விற்கப்படுவதைக் கண்டிருப்பார்கள். அவ்வூரில் எம் இல்லத்து வாயிலில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சரக்கொன்றைக் கன்றை நட்டோம். ஐப்பசியில் நட்ட கன்று கார்த்திகை மழையில் செழித்து ஆள் உயரத்திற்கு வந்தது. பின்னர்த் தேர்வுப் பணி, விடைத்தாள் திருத்தும் பணி என்று கல்லூரியே கதியாகக் கிடந்தமையால் கன்றை மறந்தோம். சித்திரையில் ஒருநாள் பார்த்தபோது அதில் ஓர் இலை கூட இல்லை. பட்டை சுருங்கிக் கிடந்தது. நுனிக்கிளையைத் தொட்டவுடன் முறிந்தது.

கடப்பாரையோடு நின்ற எம்மைக் கண்டு, அடுத்த தெருவில் வாழும் கொய்யாத் தோட்டக்காரர் ஒருவர் நின்றார். “என்ன வாத்தியாரே, புடுங்கப் போறீங்களா?” என்றார். “பட்டுப்போச்சு ஐயா” என்றோம். “பட்டுப்போச்சுன்னு யாரு சொன்னா? நகத்தால கீறிப் பாத்தீங்களா?” என்று கேட்டுக்கொண்டே, தம் கட்டைவிரல் நகத்தால் தண்டின் பட்டையை நெல்மணி அளவுக்குக் கீறினார். மேற்பகுதியில் உள்ளே தவிட்டு நிறம். ஒரு சாண் கீழே கீறினார். அங்கும் அதே நிறம். இடுப்பு உயரத்தில் கீறியபோது, காய்ந்த பட்டைக்குக் கீழே மெல்லிய பச்சைக் கோடு ஒன்று தெரிந்தது. “இந்தா இருக்குல்ல உசுரு” என்று சொல்லிவிட்டு அவர் தம் வழியே போய்விட்டார்.

முதுகலையிலும் ஆய்விலும் கொன்றையைப் பற்றிப் படித்தவர் யாம். குறுந்தொகைப் பாடல் ஒன்றில் காலமல்லாக் காலத்துப் பெய்த மழையைக் கார்காலம் என்று மயங்கிக் கொன்றை பூத்துவிட்டதாகத் தோழி தலைவிக்குக் கூறுவாள். அதனை ஆண்டுதோறும் வகுப்பில் நயம்பட விளக்கியும் வந்துள்ளோம். அப்பாடலில் பருவத்தைப் பிழைபட உணர்ந்தது மரம். எம் வாயிலில் மரத்தைப் பிழைபட உணர்ந்தவர் யாம். கொன்றை இயல்பாகவே மாசி, பங்குனியில் இலையுதிர்த்துச் சித்திரை, வைகாசியில் பூக்கும் மரம் என்ற எளிய செய்தியைக் கூட அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. இலை இல்லாமை ஒன்றே சாவுக்குச் சான்றாகாது.

காய்ந்த பகுதியை வெட்டி நீக்கினோம். தோட்டக்காரர் சொன்னபடி நீர் வைத்தோம். மூன்று வாரம் ஒன்றும் நிகழவில்லை. ஐந்தாம் வாரத்தில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், மிளகளவு ஒரு முகிழ் தோன்றியது. அக்கொன்றை இன்று சுற்றுச்சுவரை மிஞ்சி நிற்கிறது. இன்னும் பூக்கவில்லை, அவசரமும் இல்லை.

விழாவும் பருவமும்

எம் கன்று வாடியதற்கு எம் மறதியே காரணம். ஆனால் பொது இடங்களில் ஆண்டுதோறும் வாடும் கன்றுகளுக்கு மறதி மட்டும் காரணமன்று. நாள் குறிக்கும் முறையும் ஒரு காரணம். 1950-ஆம் ஆண்டு கே. எம். முன்ஷி நடுவண் அமைச்சராக இருந்தபோது தொடங்கிய வனமகோத்சவம் சூலை முதல் வாரத்தில் வருகிறது. 1973 முதல் கொண்டாடப்படும் உலகச் சுற்றுச்சூழல் நாள் சூன் 5-இல் வருகிறது. விடுதலை நாள் விழா ஆகஸ்டு 15-இல். மரம் நடும் விழாக்கள் பெரும்பாலும் இம்மூன்று நாள்களை ஒட்டியே அமைகின்றன.

சூன், சூலை மாதங்கள் வட இந்தியாவுக்கும் கேரளத்திற்கும் மழைக்காலம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் உள்ள பழனி, ஆயக்குடி, ஒட்டன்சத்திரம் பகுதிக்கோ அவை காற்றுக்காலம். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரத்தைப் பெரிதும் இழந்து வரும் காற்று, அம்மியையும் பறக்கச் செய்யும் ஆடிக்காற்றாக வீசுகிறது. வேரூன்றாத இளங்கன்றின் இலைகளிலிருந்து அக்காற்று நீரை உறிஞ்சுகிறது. வேரோ அவ்விழப்பை ஈடுசெய்ய இயலாது திணறுகிறது. நம் பகுதிக்கு நன்மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். தில்லியின் நாட்காட்டியைப் பார்த்து ஆயக்குடியின் மண்ணில் நடுகிறோம். பிறகு கன்றின் மீது குறை காண்கிறோம்.

அந்த ஐப்பசி மழையும் பொய்க்கும் ஆண்டு உண்டு. 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் அன்றிருந்த 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அரசு அறிவித்தது. அவ்வாண்டு வளர்ந்த தென்னைகளே மட்டை தொங்கிக் காய்ந்தன. இளங்கன்றுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அத்தகைய ஆண்டுகளில் நூறு புதுக்கன்று நடுவதைவிடப் பத்துப் பழங்கன்றுகளுக்கு நீர் சுமப்பது மேலான அறம்.

விழாவில் நடும் முறையும் கருதத்தக்கது. சிறப்பு விருந்தினர் வருகிறார், நிழற்படக்காரர் அவசரப்படுத்துகிறார், கறுப்புப் பாலித்தீன் உறையைக் கூடக் கிழிக்காமல் கன்று குழிக்குள் இறக்கப்படுகிறது. உறைக்குள் சுருண்டு வளர்ந்த வேர் வெளியே செல்ல வழியின்றி உள்ளேயே சுழல்கிறது. கட்டட வேலையில் மிஞ்சிய செங்கல்லும் சிமெண்டும் குழியை நிரப்புகின்றன. பெயர்ப் பலகை மட்டும் உறுதியாக நடப்படுகிறது. இரண்டாம் ஆண்டில் பலகை இருக்கும், மரம் இராது.

மீட்கும் முறை

காய்ந்த இளமரத்தை மீட்பதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பொறுமையும் ஒழுங்கும் வேண்டும். தோட்டக்காரர்களிடம் கேட்டும், செய்து பார்த்தும் அறிந்தவற்றை மாணவர் பயன் கருதி ஈண்டுத் தொகுத்துரைக்கிறோம்.

முதலாவது, உயிர் உண்டா என்று அறிதல். நுனியிலிருந்து அடிநோக்கி ஒவ்வொரு சாணாகப் பட்டையை நகத்தால் சிறிது கீற வேண்டும். பட்டைக்கு உட்புறம் பச்சையும் ஈரமும் இருந்தால் அப்பகுதி உயிருடன் உள்ளது. தவிட்டு நிறமாய் உலர்ந்திருந்தால் அப்பகுதி பட்டது. வளைத்தால் வளையும் கிளை உயிருள்ளது. ஒடியும் கிளை உயிரற்றது. தண்டு முழுவதும் காய்ந்திருந்தாலும் தரையை ஒட்டிய அடிப்பகுதியையும் கீறிப் பார்த்தல் வேண்டும். பல மரங்கள் அடியிலிருந்து மீண்டும் தழைக்க வல்லவை.

இரண்டாவது, காரணம் அறிதல். வாடிய இலையைக் கண்டவுடன் குடம் குடமாக நீரூற்றுவோர் உளர். நீர் மிகுந்து வேர் அழுகினாலும் இலை வாடும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. ஆதலால் நான்கு விரற்கிடை ஆழம் மண்ணைத் தோண்டி ஈரம் பார்க்க வேண்டும். மண் சேறாக இருந்தால் நீரை நிறுத்துவதே மருத்துவம். தண்டில் மண்பூச்சுப் போல் படர்ந்திருந்தால் கரையான் உண்டென அறியலாம். கன்றைக் கம்போடு கட்டிய கயிறு, தண்டு பருத்த பின் பட்டையை இறுக்கி அறுத்துக் கொண்டிருக்கலாம். வேலியிட்டவர் அக்கயிற்றைத் தளர்த்த மறந்ததே பல கன்றுகளின் நலிவுக்குக் காரணம்.

மூன்றாவது, நீர் வைக்கும் முறை. நாற்றங்காலிலிருந்து வந்த கன்றின் வேர், பைமண் உருண்டைக்குள் அடங்கியிருக்கிறது. அவ்வுருண்டை ஒருமுறை காய்ந்து இறுகிவிட்டால், மேலே விரைந்து ஊற்றும் நீர் உள்ளே புகாமல் பக்கவாட்டில் வழிந்துவிடும். பார்ப்பவருக்குக் குழி நனைந்ததாகத் தோன்றும். வேரோ காய்ந்தே கிடக்கும். எனவே நீர் மெல்ல மெல்ல இறங்க வேண்டும். அடியில் சிறுதுளையிட்டுத் துணித்திரி செருகிய மட்பானை ஒன்றைக் கன்றின் அருகே கழுத்தளவு புதைத்து, அதில் நீர் நிரப்பி மூடி வைப்பது எளிய வழி. பானை வற்றும்போது நிரப்பினால் போதும்.

நான்காவது, மூடாக்கு. காய்ந்த இலை, வைக்கோல், தென்னை மட்டைத் துணுக்கு ஆகியவற்றை நான்கு விரற்கிடை கனத்திற்குக் குழியில் பரப்ப வேண்டும். தண்டைத் தொடாமல் ஒரு கையகலம் இடைவெளி விடுதல் நன்று. தொட்டால் தண்டு அழுகும், கரையானும் ஏறும். வளாகத்தில் உதிரும் சருகைக் கூட்டி எரிக்கும் வழக்கமுடைய நாம், அந்நெருப்பில் எரிவது நம் கன்றுகளின் போர்வை என்று உணர வேண்டும். மேற்கு வெயில் தாக்கும் பக்கத்தில் ஓலைத்தட்டி ஒன்று சாய்த்து வைத்தால் மேலும் நலம்.

ஐந்தாவது, செய்யத் தகாதன. காய்ந்த கன்றுக்கு உரமிடலாகாது. உப்பிட்ட மாங்காய் ஊறுகாய்ச் சாடியில் நீர் விடுவதைப் பெண்கள் அறிவர். மண்ணில் உரத்தின் உப்புச் செறிவு மிகுந்தால், காய்ந்த வேரும் அவ்வாறே தன்னிடமுள்ள சிறிதளவு நீரையும் இழக்கும். துளிர்த்துப் பல இலைகள் முற்றிய பின்னரே தொழுவுரம் சிறிது இடலாம். பட்ட பகுதியை மட்டும் வெட்ட வேண்டும். பச்சையுள்ள பகுதியைக் கழித்தல் கூடாது. கன்றைப் பிடுங்கி வேறிடம் மாற்றுவதும் கூடாது. ஒட்டுக்கன்றாயின், ஒட்டுக்குக் கீழே தோன்றும் துளிர் வேற்றினத்தது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆறாவது, காத்திருத்தல். இதுவே அனைத்தினும் அரியது. நாள்தோறும் கீறிப் பார்த்தால் கீறலாலேயே கன்று பட்டுவிடும். ஒருமுறை பச்சை கண்டபின், ஐயத்தை விடுத்து அடுத்த பருவமழை வரையிலேனும் பொறுத்தல் வேண்டும்.

பேகன் நாட்டில் பிறந்தோர் நாம்

மேற்கூறியவை தோட்டக்கலைச் செய்திகள். தமிழ்த்துறை மலரில் இவற்றிற்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். தமிழிலக்கியம் கற்றோர்க்கு இது புதிய பொருளன்று. படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரை நிறுத்திச் சென்ற பாரியை நாம் கொடைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுகிறோம். அவன் ஆயிரம் முல்லைக் கொடிகளை நட்டான் என்று புலவர் பாடவில்லை. கண்ணெதிரே தளர்ந்த ஒரு கொடியின் முன் நின்றான்; அதற்கு அப்போது எது வேண்டுமோ அதனை அளித்தான்.

ஆயக்குடியும் பழனியும் அடங்கிய இம்மலைநாடு வையாவிக் கோப்பெரும் பேகன் ஆண்ட நாடு. சங்கப் பாடல்களில் பொதினி எனப் பெயர் பெறுவது இன்றைய பழனியே என்பர் அறிஞர். குளிரால் நடுங்கியதென எண்ணி மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் அருளுள்ளம் போற்றத்தக்கது. ஆயினும் மயில் அதனைப் போர்த்துக்கொள்ளாது என்பதும் உண்மை. வாடிய கன்றுக்கு மூட்டை உரம் கொட்டுவோரைக் காணும்போதெல்லாம் எமக்குப் பேகனின் போர்வை நினைவுக்கு வரும். உள்ளம் பேகனுடையதாக இருக்கட்டும். கை தோட்டக்காரருடையதாக இருக்க வேண்டும்.

நற்றிணையில் ஒரு தோழி, சிறுமியராய் விளையாடுகையில் மணலில் அழுத்திய விதை முளைத்துப் புன்னையாயிற்று என்றும், பாலும் நெய்யும் பெய்து வளர்த்த அம்மரம் உங்களுக்குத் தங்கை என்று தாய் கூறினாள் என்றும் சொல்வாள். தங்கையின் முன்னே தலைவனோடு சிரித்துப் பேச அவர்களுக்கு நாணம் உண்டாகிறது. முளைத்ததைப் பேணி வளர்த்தமையால்தான் அங்கே மரம் உறவாயிற்று. விழாவில் நட்டுவிட்டு மறுநாள் மறந்த மரத்தை எவரும் தங்கை என்று அழைக்க இயலாது.

இளங்கோவடிகள் இன்னும் ஆழமான ஒன்றைச் சொல்லிச் சென்றார். முல்லையும் குறிஞ்சியும் கோடை வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்றார். பாலை என்பது தனி நிலமன்று. நல்ல நிலம் நலிந்து நிற்கும் ஒரு காலம் என்பதே அவர் கருத்து. திரிந்தது மீளும் என்னும் நம்பிக்கை அவ்விலக்கணத்தினுள்ளேயே அடங்கியிருக்கிறது. காய்ந்த கன்றும் அத்தகைய ஒரு சிறு பாலையே.

முந்நூறு பேரீச்சங்கன்றுகள்

தமிழ் காட்டும் இவ்வறத்தை நம் மார்க்கமும் வலியுறுத்துகிறது. செத்துக் கிடந்த பூமியை மழையால் உயிர்ப்பிப்பதை இறைவனின் அத்தாட்சியாகத் திருக்குர்ஆன் பல இடங்களில் எடுத்துக் காட்டுகிறது. மரம் நட்டு, அதிலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் நட்டவருக்கு அது தர்மமாகும் என்றும், உலக முடிவு நெருங்கிய வேளையிலும் கையில் கன்று இருப்பின் அதனை நட்டுவிடுமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். இவற்றை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அவ்வளவாகக் கேட்காத செய்தி ஒன்று உண்டு.

பாரசீகத்திலிருந்து உண்மையைத் தேடி வந்து அடிமையாக விற்கப்பட்ட ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள், விடுதலை பெறுவதற்குத் தம் உரிமையாளருடன் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாற்பது ஊக்கியா பொன்னும் முந்நூறு பேரீச்ச மரங்களும் அதன் விலை. கன்றுகளைக் கொண்டுவந்து கொடுத்தால் போதாது. நட்டு உயிர்பெறச் செய்தல் வேண்டும். தோழர்கள் முப்பது, இருபது, பதினைந்து, பத்து எனத் தம்மால் இயன்ற கன்றுகளைக் கொணர்ந்தனர். குழிகளைத் தோண்டுமாறு ஸல்மான் அவர்களிடம் கூறிய நபிகளார், பின்னர் வந்து ஒவ்வொரு கன்றையும் தம் திருக்கரத்தாலேயே நட்டார்கள். அவற்றில் ஒன்று கூடப் பட்டுப்போகவில்லை என்று ஸல்மான் (ரலி) அவர்கள் சான்று பகர்ந்துள்ளார்கள். கன்று பிழைத்தது; ஒரு மனிதர் விடுதலை பெற்றார். நட்டதை எண்ணாமல் பிழைத்ததை எண்ணும் கணக்கு இது. நம் விழா அறிக்கைகள் இக்கணக்கைப் பின்பற்றுமா?

நீருக்கு எங்கே போவது என்று கேட்போர்க்கும் மார்க்கத்திலேயே விடை உண்டு. நபிகளார் ஒளுச் செய்யப் பயன்படுத்திய நீர் ஒரு ‘முத்’. இரு கைகளும் சேர்ந்து கொள்ளும் அளவு. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவில் நீரை விரயம் செய்யலாகாது என்ற அறிவுரையும் நபிமொழித் தொகுப்பில் காணப்படுகிறது. நாமோ குழாயைத் திறந்துவிட்டுச் சட்டைக் கையை மடிக்கத் தொடங்குகிறோம். ஒருவர் ஒளுவில் இரண்டு லிட்டர் நீர் வழிந்தோடுவதாகக் கொண்டாலும், நூறு பேர் கூடும் ஒரு வேளைத் தொழுகைக்கு 200 லிட்டர் ஆகிறது. கன்றுக்கு 20 லிட்டர் வீதம் பத்துக் கன்றுகளுக்கு அது போதும். சவர்க்காரம் கலவாத அந்நீரைச் சாக்கடைக்கு விடாமல் சிறுவாய்க்கால் வெட்டிக் கன்றுகளுக்குத் திருப்புவது ஒருநாள் வேலை. முதலில் விரயத்தைக் குறைப்போம். எஞ்சி வழிவதையும் வீணாக்காது காப்போம்.

குடம் சுமந்த தாய்

இவை பழங்கதைகள், இக்காலத்திற்கு ஒவ்வா என்பார்க்கு அண்டை மாநிலத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. கருநாடகத்தின் மாகடி வட்டத்தைச் சேர்ந்த ஹுலிகல் என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர் திம்மக்கா. எழுத்தறியாதவர், கூலி வேலை செய்தவர். மகப்பேறு வாய்க்காத அவரும் கணவர் சிக்கய்யாவும் ஹுலிகல்லுக்கும் கூதூருக்கும் இடைப்பட்ட சாலையில் ஆலங்கன்றுகளை நட்டனர். முதலாண்டில் பத்து, அடுத்த ஆண்டில் பதினைந்து, அதற்கடுத்த ஆண்டில் இருபது என்ற அளவிலேயே நட்டனர். மழைக்காலத்தை ஒட்டி நட்டு, ஆடு மாடு கடியாமல் முள்வேலியிட்டு, நான்கு கிலோமீட்டர் தொலைவு நீர்க்குடம் சுமந்து ஊற்றினர். ஏறத்தாழ நான்கரைக் கிலோமீட்டர் சாலையில் 385 ஆலமரங்கள் அவ்வாறு எழுந்தன. 2019-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. தம்மால் எத்தனைக் கன்றுகளுக்கு நீர் சுமக்க இயலுமோ அத்தனையை மட்டுமே நட்டமைதான் அவருடைய வெற்றியின் மறைபொருள் எனலாம்.

2018-இல் தெலங்கானாவின் மஹபூப்நகர் அருகே, பல நூற்றாண்டு கண்ட பில்லலமர்ரி ஆலமரம் கரையானால் நலிவுற்றது. மருந்து நிரப்பிய நூற்றுக்கணக்கான பாட்டில்களைக் கிளைகளில் தொங்கவிட்டு, நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதுபோல் துளித்துளியாகச் செலுத்தி அதனைக் காத்தனர். போற்றத்தக்க செயல். ஆனால் முதுமரத்திற்கு அத்துணைக் கவனம் செலுத்தும் நாம், இளமரத்திற்கு ஒரு பானை நீர் வைக்கத் தயங்குகிறோம். ஒவ்வொரு பேராலமரமும் ஒருகாலத்தில் ஆடு கடிக்கும் உயரத்தில் நின்ற கன்றே.

நம் மாநிலத்திலும் முயற்சிக்குக் குறைவில்லை. அப்துல் கலாம் அவர்களின் அறிவுரையால் நடிகர் விவேக் அவர்கள் 2010 முதல் கன்று நடுவதை ஓர் இயக்கமாகவே நடத்தினார். 2021 ஏப்ரலில் அவர் மறைந்தபோது பலர் அவர் நினைவாகக் கன்று நட்டனர். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத்தின் பசுமைப் பரப்பை ஏறத்தாழ 24 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்தும் இலக்கை வகுத்தது. இலக்கு நன்று. நடப்பட்டவை நிலைத்தால்தான் அவ்விழுக்காடு உயரும். நட்டு இறந்தவை எண்ணிக்கையில் இருக்கும், நிழலில் இரா.

இன்னும் ஒரு கன்று

ஆசிரியப் பணியில் உள்ளவன் கன்றைப் பற்றி எழுதும்போது, வகுப்பறையின் கடைசி வரிசை கண்முன் வாராமல் போகாது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த பிள்ளைகள் நம்மிடம் வருகிறார்கள். முதலாண்டில் தளிர்த்து நின்றவன் மூன்றாம் பருவத்தில் வாடுகிறான். வருகை குறைகிறது; தேர்வுத் தாள்கள் நிலுவையாகின்றன. தந்தையின் கடன், இரவுக் கடை வேலை, தங்கையின் திருமணம் என எந்தக் கயிறு அவன் தண்டை இறுக்குகிறது என்று நாம் பார்ப்பதில்லை. ‘இவன் தேறமாட்டான்’ என்று பதிவேட்டில் கோடு இழுக்கிறோம். யாமும் இழுத்திருக்கிறோம். ஒருவன் கல்லூரியை விட்டுச் சென்று சில ஆண்டுகளுக்குப் பின் எதிரே வந்து சலாம் கூறியபோது, அவன் கோட்டிற்கு மேலே இருந்த பெயரை மட்டுமே எமக்கு நினைவிருந்தது. அவன் விலகியதன் காரணம் அன்றுவரை தெரியாது. ஒருமுறை தனியே அழைத்துக் கேட்டிருந்தால் பச்சை எங்கே உள்ளது என்று அறிந்திருக்கலாம்.

வேண்டுகோள்

நிறைவாக, நிருவாகப் பெருமக்களிடமும், பேராசிரிய நண்பர்களிடமும், மாணவச் செல்வங்களிடமும் நான்கு வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். ஒன்று, இவ்வாண்டு எவ்விழாவிலும் புதுக்கன்று நடுமுன், சென்ற ஆண்டு நட்டவற்றுள் உயிருள்ளவை எத்தனை எனக் கணக்கெடுத்து மேடையில் படிக்க வேண்டும். இரண்டு, நடும் விழாவைச் சூன், சூலையிலிருந்து ஐப்பசிக்கு மாற்ற வேண்டும். மூன்று, ஒளுச் செய்யும் இடத்து நீரைக் கன்றுகளுக்குத் திருப்ப வேண்டும். நான்கு, கன்றுக்கு இருவர் என மாணவரைப் பொறுப்பாக்கி, கோடை விடுமுறையில் நீர் வைக்க உள்ளூர் மாணவரை அமர்த்த வேண்டும். விடுமுறை கன்றுகளுக்கு இல்லை.

இம்மலரைப் படித்து முடித்தவுடன் வெளியே சென்று, இலையின்றி நிற்கும் ஒரு கன்றின் பட்டையை நெல்மணி அளவுக்குக் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் ஒரு குடம் நீர் கொண்டு வாருங்கள். எஞ்சியதை இறைவன் பார்த்துக்கொள்வான்; இன்ஷா அல்லாஹ், துளிர்க்கும்.